சின்னங்களின் வரவு செலவு



எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'தமிழ்நாடு: வரலாறு, மக்கள், சின்னங்கள், பொருளாதாரம்'. போட்டித் தேர்வுக் கையேடுகளில் இவை நான்கும் நான்கு பாடங்கள். வரலாறு என்றால் தேதிகள். மக்கள் என்றால் கணக்கெடுப்பு எண்கள். பொருளாதாரம் என்றால் உற்பத்திப் புள்ளிவிவரம். நடுவில் அரைப்பக்கத்துக்குச் சின்னங்கள் வரும். மரம் பனை, மலர் செங்காந்தள், விலங்கு வரையாடு, பறவை மரகதப் புறா, கனி பலா, 2019 முதல் வண்ணத்துப்பூச்சி தமிழ் மறவன். ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிற பகுதி அது. இன்று அந்த அரைப்பக்கத்தைத்தான் கையில் எடுக்கிறேன். ஏனென்றால், மற்ற மூன்று பாடங்களும் அதற்குள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு சின்னத்துக்குப் பின்னாலும் ஒரு தொழில் இருக்கிறது. அந்தத் தொழிலில் வியர்வை சிந்திய மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பொருளைச் சின்னமாக்கிவிட்டு அதனோடு வாழ்கிற மனிதரைக் கணக்கில் எடுக்காத அரசு, சுவரில் மாட்டப் படம் மட்டும் வைத்திருக்கிறது. ஆகவே சின்னம் வைத்திருப்பவர் அதற்கு ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். இதுதான் என் வாதம்.

'சின்னம் என்பது வெறும் அலங்காரம்தானே, அதன் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இந்த மாநிலத்தின் வரலாறு அந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. இந்த ஆழ்வார்பேட்டை அரங்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ராயப்பேட்டை நெடுஞ்சாலையில், பொட்டி ஸ்ரீராமுலுவின் நினைவில்லம் இருக்கிறது. ஆந்திரம் தனி மாநிலமாக வேண்டும் என்று அந்த வீட்டில் உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15 அன்று அவர் உயிர் நீத்தார். மறு ஆண்டு அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிறந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மார்ஷல் நேசமணி முதலானோர் நடத்திய போராட்டத்தின் பயனாகக் கன்னியாகுமரி நம்மோடு சேர்ந்தது, ம.பொ.சி. முதலானோர் போராடியதால் 1960இல் திருத்தணி வந்தது. இவையாவது மண்ணுக்கான போராட்டங்கள். சங்கரலிங்கனார் முன்வைத்த கோரிக்கைகளில் முதன்மையானது ஒரு பெயர். 'தமிழ்நாடு' என்று பெயர் வைக்க வேண்டும் என்பதற்காக 1956 ஜூலையில் விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கிய அந்த முதியவர் அக்டோபர் 13 அன்று இறந்தார். 1967 ஜூலை 18 அன்று அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 அன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மூன்று வாரத்துக்குள் அண்ணா மறைந்தார். பெயரும் ஒரு சின்னம்தான். பெயருக்காக உயிரைக் கொடுத்த நாட்டில் சின்னம் வெறும் அலங்காரம் என்று சொல்வது எடுபடாது.

அரசும் அதை அலங்காரமாக நினைக்கவில்லை. மனோன்மணீயம் சுந்தரனாரின் பாடலை 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றுக்கொண்ட அரசு, 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தது. 55 விநாடிகளில் பாட வேண்டும், மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்று அரசாணையே போட்டது. பாடலுக்கு நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விநாடிக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம். நல்லது. அதே அக்கறையோடு மரத்துக்கும் மலருக்கும் விலங்குக்கும் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறோமா? கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

கணக்குப் பார்க்காத சின்னம் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவின் இரண்டு மாநிலங்கள் சாட்சி. கலிஃபோர்னியாவின் கொடியில் ஒரு கரடி நடந்துபோகிறது. அந்தக் கொடியை 1911இல் சட்டப்படி ஏற்றார்கள். அதே ஆண்டுகளில் அந்தக் கரடியை மேய்ச்சல்காரர்களும் வேட்டைக்காரர்களும் சுட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். 1920களோடு கலிஃபோர்னியாவில் அந்த இனம் அற்றுப்போனது. 1953இல், அந்த இனத்தில் ஒன்றுகூட மிச்சமில்லாத மாநிலத்தில், அதையே மாநில விலங்கு என்று அறிவித்தார்கள். லூசியானாவின் கதை வேறு. அதன் கொடியிலும் முத்திரையிலும் கூழைக்கடா உண்டு. 'கூழைக்கடா மாநிலம்' என்பதே அதன் செல்லப்பெயர். பூச்சிக்கொல்லிகள் ஆற்றில் கலந்து, மீனில் ஏறி, பறவையைத் தாக்கின. 1960களின் தொடக்கத்தில் அங்கே கூடு கட்டும் பழுப்புக் கூழைக்கடா ஒன்றுகூட இல்லாமல் போனது. வெட்கப்பட வேண்டிய நிலை, வெட்கப்பட்டார்கள். 1968 முதல் ஃபுளோரிடாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்தார்கள், 1972இல் டி.டி.ட்டி என்ற பூச்சிக்கொல்லிக்கு நாடு முழுவதும் தடை வந்தது. 2009இல் அந்தப் பறவை அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீங்கியது. ஒரு மாநிலம் படத்தை வைத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டது. இன்னொன்று படத்தைப் பார்த்தே உயிரை மீட்டது. நாம் எந்த வழியில் போகிறோம்?

முதலில் வரையாட்டை எடுத்துக்கொள்வோம். 'மலை உச்சியில் மேயும் ஆட்டுக்கும் மாநிலப் பொருளாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கத் தோன்றும். இந்த ஆழ்வார்பேட்டையிலிருந்தே பதிலைத் தொடங்கலாம். எல்டாம்ஸ் சாலையில் 'தி குரோவ்' என்ற வீட்டில் வாழ்ந்த சர் சி.பி. ராமசாமி ஐயர், 1920களில் சென்னை மாகாண அரசின் சட்ட உறுப்பினராக இருந்தபோது முன்னெடுத்த திட்டங்களில் ஒன்று நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டம். ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் 1932இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்த மின்கம்பி கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு இறங்கிய பிறகுதான் அங்கே பஞ்சாலைகள் வரிசையாக எழுந்தன. கிணறுகளில் மாட்டுக் கவலைக்குப் பதிலாக மோட்டார் பம்பு ஓடியது. பம்பைப் பழுது பார்த்த பட்டறைகள் பம்பையே செய்யக் கற்றுக்கொண்டன. இன்று நாம் பெருமையோடு சொல்லும் கொங்கு நாட்டுத் தொழில் வளர்ச்சியில் பைக்காராவுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மலை முகட்டுப் புல்வெளியிலிருந்து. பருவமழையை வேரிலும் மண்ணிலும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சிறுகச் சிறுகக் கசியவிடும் புல்வெளியும் அதன் மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைக்காடும்தான் பைக்காராவுக்கும் பவானிக்கும் ஊற்றுக்கண். வரையாடு மேய்வது அந்தப் புல்வெளியில். வரையாடு இருக்கிறது என்றால் புல்வெளி இருக்கிறது. புல்வெளி இருந்தால் ஆறு இருக்கும்.

அந்தப் புல்வெளியை நாம் என்ன செய்தோம்? 'வெறும் புல்தானே கிடக்கிறது, தரிசு' என்று கணக்கெழுதினோம். தோல் பதனிடும் தொழிலுக்குப் பட்டை வேண்டும் என்று வாட்டில் மரத்தை நட்டோம். விறகுக்கும் செயற்கை இழை ஆலைக்கும் வேண்டும் என்று தைல மரத்தை நட்டோம். சிறுமுகையில் அந்த மரக்கூழை நூலாக்கிய ஆலை பவானி ஆற்றைக் கெடுத்துவிட்டு மூடப்பட்டது. நட்டு வைத்த வாட்டில் மட்டும் தானாகவே பரவிக்கொண்டிருக்கிறது. நாம் வைத்த பேரேட்டில் மரம் வரவு, புல் பூஜ்யம். அந்தப் பிழையின் விலையை வரையாடு கொடுத்தது. தமிழ்நாட்டு அரசு 2022இல் ஏறத்தாழ 25 கோடி ரூபாயில் வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தது. 2024இல் நடந்த கணக்கெடுப்பு, மாநிலத்தில் 1,031 வரையாடுகள் இருப்பதாகச் சொன்னது. மாநில விலங்குக்குத் தலைக்கணக்கு எடுக்கிறார்கள், புல்வெளியை மீட்கும் வேலையையும் அதோடு சேர்த்திருக்கிறார்கள். லூசியானா போன வழி இது. மனமாரப் பாராட்ட வேண்டும்.

பனைக்கு வருவோம். 1978இல் மாநில மரமானது. உ.வே.சா. ஊர் ஊராகத் தேடி எடுத்த சுவடிகள் பனையோலைகள். இன்றும் பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் அவற்றைக் காணலாம். சங்க இலக்கியம் நம் கைக்கு வந்து சேர்ந்ததே பனையின் மேல் ஏறித்தான் என்று மேடைகளில் நாம் முழங்குகிறோம். ஆனால் அந்த மரத்தின் மேல் உண்மையாகவே ஏறிய மனிதரைப் பற்றி எவ்வளவு பேசுகிறோம்? தூத்துக்குடி, ராமநாதபுரத்துத் தேரிக்காட்டில் ஒரு பனையேறியின் நாளைப் பாருங்கள். விடியும் முன்பே வேலை தொடங்கும். காலில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி, கையில் கலயம். மரத்தைக் கட்டிப்பிடித்து, மார்பை உரசி ஏறி, உச்சியில் மட்டைகளுக்கு நடுவே கால் ஊன்றி நின்று, பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்ட வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள். காலையில் ஒரு முறை, மாலையில் மறுபடியும். ஒரு மரத்தோடு முடிவதில்லை. அடுத்த மரம், அதற்கடுத்த மரம். கீழே விடிலி என்ற காய்ச்சும் குடிசையில் அவர் மனைவி புகைக்கு நடுவே பதநீரைக் காய்ச்சிக்கொண்டிருப்பார். பாகு பதம் தப்பினால் அன்றைய உழைப்பு வீண். பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. பாளை சீவுகிறவருக்கும் பாகு காய்ச்சுகிறவருக்கும் வந்ததா?

இங்கே எழும் மறுப்பு வலுவானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 'பனையேறுவது ஆபத்தான தொழில், இழிவாக நடத்தப்பட்ட தொழில். அதை விட்டு மக்கள் வெளியேறியதுதான் முன்னேற்றம். நகரத்து மேடையில் உட்கார்ந்துகொண்டு பனையைப் புகழ்பவர் யாராவது தன் பிள்ளையை மரமேற அனுப்புவாரா?' உண்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பனையோடு வாழ்ந்த மக்கள் கோயில் வாசலில் தடுக்கப்பட்டார்கள். அவர்களுடைய பெண்கள் தோளில் துணி போடவே போராட வேண்டியிருந்தது. அவர்கள் கருப்பட்டி மூட்டையோடு சந்தைக்குப் போனார்கள். சந்தையிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து மண்டிக்கும் போனார்கள். விருதுநகரில் விற்ற சரக்கிலிருந்து மகமை பிடித்தார்கள். வீட்டில் உலை வைக்கும்போது பிடியரிசி எடுத்து வைத்தார்கள். அந்தப் பணத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சத்திரிய வித்யாசாலையைக் கட்டினார்கள். அந்தப் பள்ளியில் படித்த ஒரு சிறுவன் பின்னாளில் முதலமைச்சராகி, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே மதிய உணவு போட்டான். காமராசரின் மதிய உணவுக்குப் பின்னால் விருதுநகர்ப் பிடியரிசி இருக்கிறது என்று நான் படிக்கிறேன். எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. ஆகவே பனையை விட்டு வெளியேறியதும் பனையின் வரலாற்றில் ஒரு பகுதிதான். வெளியேறியவர்கள் ஓடியது இழிவிலிருந்தும் கட்டுப்படியாகாத கூலியிலிருந்தும். மரம் அவர்களுக்குப் பகையில்லை. இழிவை நீக்கி, ஏறுவதற்குப் பாதுகாப்பான கருவி கொடுத்து, காய்ச்சிய கருப்பட்டிக்குக் கலப்படமில்லாத சந்தை கொடுத்தால், தானே விரும்பி வருகிறவருக்கு அது தொழிலாக நிற்கும். விரும்பாதவரை யாரும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை.

2021இல் தாக்கலான முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை பனையைக் கவனித்தது. 76 லட்சம் பனங்கொட்டைகள் விதைப்பது, மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பது, ரேஷன் கடையில் பனைவெல்லம் விற்பது எல்லாம் அதில் இடம்பெற்றன. நல்ல தொடக்கம். ஆனால் பனை காய்ப்புக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டு ஆகும். இன்று விதைத்த கொட்டை மரமாகும்போது அதில் ஏறத் தெரிந்தவர் ஊரில் இருப்பாரா? மரத்தை எண்ணுகிறோம், ஏறுகிறவரை எண்ணவில்லை. கள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாநில மரத்தின் பானத்தை மாநில அரசு தடை செய்திருக்கிறது. அதே அரசின் நிறுவனம் 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்கிறது. கள்ளுக்கடையைத் திறக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. குடி கெடுத்த குடும்பங்களின் வேதனை எனக்கும் கேட்கிறது. ஆனால் தடை சரி என்றால் அதன் நியாயம் இரண்டு கடைக்கும் பொருந்த வேண்டும். தவறு என்றால் திருத்த வேண்டும். எதுவானாலும், முடிவெடுக்கும் மேசையில் ஒரு பனையேறிக்கு நாற்காலி போட வேண்டும்.

மூன்றாவது, செங்காந்தள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பூக்களை அடுக்கும்போது முதலில் வைத்த பூ. இலக்கியக் கூட்டங்களில் அதோடு நிறுத்திக்கொள்வோம். ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கத்து விவசாயிக்கு அது கண்வலிக் கிழங்கு, பணப்பயிர். அதன் விதையிலிருந்து எடுக்கும் கால்சிசின் என்ற மருந்து மூட்டு வீக்க நோய்க்குப் பயன்படுகிறது. விதை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. இந்தப் பூவின் அமைப்பு விசித்திரமானது. சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளைந்து நிற்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. ஆகவே பூக்கும் பருவத்தில் காலை வேளைகளில் கூலிப் பெண்கள் வரிசை வரிசையாகப் போய், பூப்பூவாகத் தொட்டு, மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் வைக்கிறார்கள். அந்த விரல்கள் பட்ட பூக்கள்தான் நன்றாகக் காய்க்கின்றன. கிழங்கோ கொடிய நஞ்சு. கையாளுவதில் கவனம் வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு விதையின் விலை ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக ஏறி இறங்குகிறது. விலையைச் சொல்பவர் வியாபாரி. உலகச் சந்தைக்கு மருந்துச் சரக்கு கொடுக்கும் மாநில மலருக்கு, நெல்லுக்கும் கரும்புக்கும் இருப்பதுபோல ஓர் ஆதார விலை இல்லை. பூவுக்குச் செங்கோல், பூவைத் தொடும் கைக்கு அன்றாடக் கூலி.

கடைசி மறுப்புக்கு வருகிறேன். 'ஐயா, இதெல்லாம் பழைய பொருளாதாரம். தமிழ்நாடு இன்று கார், கைபேசி, மென்பொருள், தோல், பின்னலாடை. நாட்டில் அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம். பொருளாதார அளவில் இரண்டாவது. அந்தப் பெருங்கணக்கில் கருப்பட்டியும் கண்வலிக் கிழங்கும் எத்தனை காசு?' அளவைப் பற்றி நான் சண்டை போடவில்லை. சில காசுதான். ஆனால் தமிழ்நாட்டின் தொழில் வளர்ச்சியைத் தனித்துக் காட்டுவது எது? இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். வளர்ச்சி ஒரே நகரத்தில் குவியாமல் கோவை, திருப்பூர், ஓசூர், ஆம்பூர், சிவகாசி என்று பரவியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சோறு போட்டதும், சிற்றூருக்குச் சாலையும் மின்சாரமும் போனதும், மக்களைக் கணக்கில் எடுத்ததும்தான் அதற்குக் காரணம். பைக்காராவின் தண்ணீரும் விருதுநகரின் பிடியரிசியும் அந்தப் பெருங்கணக்கின் முதல் வரவுகள். அடிப்படை எது என்று மறந்துவிட்டு மேல்தளத்தை மட்டும் அளந்தால், புல்வெளியைத் தரிசு என்று எழுதிய அதே தவறைத் திரும்பச் செய்வோம். இன்னொன்றும் உண்டு. கார்த் தொழிற்சாலை நாளைக்கு வேறு மாநிலத்துக்கு, வேறு நாட்டுக்குப் போகலாம்; சலுகை கூடிய இடத்துக்கு முதலீடு நகரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளியும் தேரிக்காட்டுப் பனையும் எங்கும் போகப் போவதில்லை. இருப்பதைக் காப்பவர்தான் வருவதையும் தாங்க முடியும்.

ஆகவே இந்த அவையின் மூலம் ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன். பெரிய செலவு இல்லாதது. ஆண்டுதோறும் ஜூலை 18, தமிழ்நாடு நாள் அன்று, மாநிலச் சின்னங்களைப் பற்றி ஓர் அறிக்கையை அரசு வெளியிட்டு, அடுத்துக் கூடும் சட்டமன்றத்தில் வைக்கட்டும். ஒவ்வொரு சின்னத்துக்கும் மூன்றே கேள்விகள். அது எத்தனை இருக்கிறது, கூடியதா குறைந்ததா? அதோடு தொழில் செய்து வாழ்பவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு இந்த ஆண்டு கிடைத்த வருமானம் என்ன? அதைக் காக்க ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு? வரையாட்டுக்கு முதல் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. பனைக்கும் காந்தளுக்கும் இரண்டாம் கேள்விக்கு யாரும் இதுவரை ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. மரகதப் புறாவுக்கும் தமிழ் மறவனுக்கும் முதல் கேள்வியையே நாம் கேட்கவில்லை. அரசு இலச்சினையில் கோபுரத்தின் கீழே 'வாய்மையே வெல்லும்' என்று எழுதி வைத்திருக்கிறோம். வாய்மை என்பது சரியான கணக்கிலிருந்து தொடங்கட்டும். இந்த அரங்கில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் இருக்கிறீர்கள், பத்திரிகையாளர்கள் இருக்கிறீர்கள். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஆளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மூன்று கேள்வி போதும். இருநூறு கடிதம் போனால் சட்டமன்றத்தில் ஒரு கேள்வி எழும். ஒரு கேள்வி எழுந்தால் துறை பதில் சொல்லியே ஆக வேண்டும்.